அறிவியல் கேள்வி - பதில்: உலையில் போட்ட ஐஸ்

கேள்வி: ஈய அணுக்கருக்கள் மோதும்போது உண்டாகும் நெருப்புக் கோளத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 156 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட், ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கருவான டியூட்ரானின் பிணைப்பாற்றலோ (அதை உடைக்கத் தேவையான ஆற்றல்) வெறும் 2.2. காசிமேட்டில் மீன் பெட்டிக்குக் கொட்டும் ஐஸை அள்ளி உலையில் போட்டால் நிற்குமா? அப்படியிருக்க, டியூட்ரான்களின் எண்ணிக்கை மட்டும் அதே வெப்பநிலைக் கணக்குக்குப் பொருந்துவது எப்படி?
- முதுநிலை இயற்பியல் மாணவி, தண்டையார்பேட்டை

பதில்: துறை சார்ந்தவர்களே இதை 'நரகத்தில் பனிக்கட்டி' என்று கேலியாகச் சொல்வதுண்டு; ஆகவே உங்கள் ஐயம் நியாயமானதுதான். நீங்கள் குறிப்பிடும் வெப்பநிலை ஏறத்தாழ 1.8 லட்சம் கோடி டிகிரி. பையான் எனும் லேசான துகள், புரோட்டான் முதல் ஹீலியம்-3 வரை எல்லாவற்றின் எண்ணிக்கையையும் அந்த ஒரே வெப்பநிலையைக் கொண்டு வெப்பப் புள்ளியியல் மாதிரி கணித்துவிடுகிறது. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்னின் ஆலிஸ் சோதனையில், ஈய மோதல்களில் ஒரு நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) கூடும்போதெல்லாம் அணுக்கருவின் எண்ணிக்கை சுமார் 300 மடங்கு குறைவதும் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆனால் எண்ணிக்கை பொருந்துகிறது என்பதற்காக, டியூட்ரான் அந்தச் சூட்டிலேயே முழு உருவோடு இருந்தது என்று முடிவு கட்டக் கூடாது.

இன்னொரு விளக்கம், 1960களின் தொடக்கத்தில் பட்லரும் பியர்சனும் முன்வைத்த இணைவு மாதிரி. துறைமுகத்தில் ஏலம் முடிந்து கூட்டம் கலையும்போது, பக்கத்தில் நின்று ஒரே பக்கம் போகிறவர்கள் சேர்ந்து ஒரு ஷேர் ஆட்டோவில் ஏறுவதைப் போல, கோளம் விரிந்து குளிர்ந்த பின், இடத்தாலும் உந்தத்தாலும் நெருங்கியிருக்கும் புரோட்டானும் நியூட்ரானும் இணைந்து டியூட்ரான் ஆகின்றன. இதற்கு இடைப்பட்ட வழியும் உண்டு: பையான்கள் டியூட்ரானை உடைத்துக்கொண்டே இருந்தாலும், அதே வேகத்தில் புதியவை உண்டானால் மொத்த எண்ணிக்கை மாறாது. வண்டியில் இறங்குபவரும் ஏறுபவரும் சமமாக இருந்தால் ஆள் கணக்கு அப்படியே இருக்கும், உள்ளே இருக்கும் ஆட்கள்தான் வேறு.

எனவே எண்ணிக்கையை மட்டும் வைத்து வழக்கைத் தீர்க்க முடியாது. அளவில் சிறிய மோதல்களைப் பார்க்க வேண்டும். புரோட்டான், நியூட்ரான், அவற்றைவிடக் கனமான குறுவாழ்வுத் துகளான லாம்டா மூன்றும் சேர்ந்த ஹைப்பர் டிரைட்டானில் லாம்டா மிகத் தளர்வாகவே ஒட்டியிருப்பதால், அதன் பரப்பு சுமார் 10 ஃபெர்மி (அணுக்கருக்களை அளக்கும் நீள அலகு) வரை விரிகிறது. புரோட்டான் மோதலில் துகள்கள் பிறக்கும் இடமோ ஓரிரு ஃபெர்மிதான். இணைவு மாதிரியின்படி, அவ்வளவு சிறிய இடத்திலிருந்து அவ்வளவு பெரிய பொருள் உருவாவது அரிது. புரோட்டான்-ஈய மோதலில் ஆலிஸ் 2022இல் வெளியிட்ட அளவீடு இணைவு மாதிரியின் பக்கமே சாய்ந்தது. 2025இல் வந்த பையான்-டியூட்ரான் தொடர்பு ஆய்வில், பையானும் நியூக்ளியானுமாகச் சிதையும் டெல்டா துகளின் தடம் தெரிந்தது. அதாவது, பெரும்பாலான டியூட்ரான்கள், டெல்டா போன்ற குறுவாழ்வுத் துகள்கள் சிதைந்து விடுவித்த நியூக்ளியான்களால் ஆனவை. என் மனம் இதற்குப் பின் இணைவின் பக்கமே நிற்கிறது.

தரவைக் கையாளும்போது ஒரு எச்சரிக்கை. குறைந்த உந்தத்தில் பதிவாகும் டியூட்ரான்களில் ஒரு பகுதி, மோதலில் பிறந்தவையே அல்ல; துகள்கள் பாய்ந்து வரும் கற்றைக் குழாயின் சுவரிலும் கருவியின் பொருள்களிலும் துகள்கள் இடித்துப் பெயர்த்தவை. தடத்தைப் பின்னோக்கி நீட்டினால் மோதல் புள்ளியை விட்டு விலகிச் செல்வதைக் கொண்டு இவற்றைப் பிரிக்கிறார்கள். எதிர் டியூட்ரானுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனெனில் குழாய்ச் சுவரில் எதிர்ப்பொருள் கிடையாது. 2011இல் அமெரிக்காவின் ஸ்டார் குழு எதிர் ஹீலியம்-4 அணுக்கருக்களை வெறும் 18 மட்டுமே கண்டும் துணிந்து அறிவிக்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

கேள்வி: டிரைட்டான் (ஒரு புரோட்டானும் இரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கரு), புரோட்டான் எண்ணிக்கைகளைப் பெருக்கி டியூட்ரான் எண்ணிக்கையின் இருமடியால் வகுக்கிறார்களே, எதற்கு?
- ஆசிரியர், ராயபுரம்

பதில்: அந்த விகிதத்தில் கோளத்தின் கன அளவு பெரும்பாலும் நீங்கிவிடும், நியூட்ரான் அடர்த்தி இடத்துக்கு இடம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது மிஞ்சும். குவார்க் குழம்பு சாதாரணத் துகள்களாக மாறும் நிலைமாற்றத்தின் முனைப்புள்ளிக்கு (அந்த மாற்றத்தின் தன்மையே மாறும் இடம்) அருகே அந்த ஏற்ற இறக்கம் கூட வேண்டும். தங்க மோதல்களில் 19.6, 27 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல்களில் விகிதம் இணைவுக் கணக்கைவிட உயர்ந்திருப்பதாக ஸ்டார் குழு 2023இல் வெளியிட்டது. இரண்டையும் சேர்த்து அந்த உயர்வின் புள்ளியியல் உறுதி 4.1 சிக்மா, அதாவது தற்செயலாக நேர்ந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆயினும் லாம்டா சிதைந்து வரும் புரோட்டான்களை எவ்வளவு துல்லியமாகக் கழித்தோம் என்பதைப் பொறுத்தே அந்த உயர்வு நிற்கும். அதற்குமேல் அதை முனைப்புள்ளி என்று சொல்ல நான் இப்போதைக்குத் துணிய மாட்டேன்.