புள்ளியியல் படித்தவளுக்கு ஏ/பி டெஸ்டிங் வேலையா?

"பி.எஸ்சி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் முடிக்கப் போகிறவள், ஆன்லைன் கடையில் பட்டன் நிறம் மாற்றும் வேலைக்குப் போகிறேன் என்கிறாளே" என்று கேட்டிருக்கிறீர்கள். நிறம் மாற்றுவது டிசைனர். மாற்றியதால்தான் விற்பனை கூடியதா, தற்செயலா என்று சொல்வதுதான் உங்கள் மகள் கேட்கும் வேலை. அதற்கு அவள் படித்த படிப்பே அடிப்படை.

ஒரு புடவைக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். 'எந்தத் தேதிக்குள் வந்து சேரும்' என்ற வரி மொபைலில் எங்கோ கீழே கிடக்கிறது. அதை விலைக்கு அடியில் கொண்டுவந்தால் ஆர்டர் கூடுமா? வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பழைய பக்கம், மீதிப் பேருக்குப் புதியது; இதுதான் ஏ/பி டெஸ்ட். இப்போது 100க்கு 2 பேர் வாங்குகிறார்கள்; அது 2.4 ஆனால் நமக்குத் தெரிய வேண்டும். 95% நம்பக அளவு (வித்தியாசமே இல்லாதபோது இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு 5% மட்டும்), 80% பவர் (அந்த வித்தியாசம் உண்மையிலேயே இருந்தால் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 80%) வைத்துக் கணக்குப் போட்டால் பக்கத்துக்குச் சுமார் 21,000 பேர் வேண்டும், ஆக மொத்தம் 42,000. நாளுக்கு 1,500 பேர் வரும் கடைக்கு 28 நாள். மூன்றாம் நாளே "புதுசு முந்துதே, நிறுத்திடலாம்" என்பார் முதலாளி. தினமும் எட்டிப் பார்த்து, முந்துகிற நாளில் நிறுத்தினால் 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டிய பொய் வெற்றி பல மடங்காகிவிடும். இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்தாமல் வைப்பதுதான் பாதி வேலை. நாளுக்கு 100 பேர் மட்டும் வரும் கடையா? 420 நாள் ஆகும். அங்கே டெஸ்ட்டே வேண்டாம். ஐந்து வாடிக்கையாளரிடம் போனைக் கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்ப்பது மேல்.

சரிபாதியாகப் பிரித்தும் 5,000, 5,400 என்று எண்ணிக்கை வந்தால் முடிவைப் படிக்கவே கூடாது. தற்செயலில் அவ்வளவு இடைவெளி வராது. பழைய பக்கத்திலிருந்து புதுப் பக்கத்துக்கு ரீடைரக்ட் ஆகும்போது (தானாகத் திருப்பிவிடப்படும்போது) பொறுமையிழந்து ஓடியவர்கள் கணக்கில் விழாமல் போயிருக்கலாம். நம் ஊரில் கேஷ் ஆன் டெலிவரி வேறு. ஆர்டர் கூடி, பார்சலும் கூடுதலாகத் திரும்பினால் கூரியர் செலவுதான் மிச்சம். பணம் கொடுத்து வாங்கிக்கொண்ட ஆர்டரைத்தான் எண்ண வேண்டும்.

கை-வர்க்கம் (chi-square; எண்ணிக்கை வித்தியாசம் தற்செயலா என்று பார்க்கும் சோதனை), பவர் எல்லாம் அவள் பாடத்திலேயே இருக்கும். இல்லாதது எஸ்.கியூ.எல். (தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழி), கூகுள் அனலிடிக்ஸ் 4 (தளத்துக்கு வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கருவி), கொஞ்சம் எச்.டி.எம்.எல். (இணையப் பக்கம் எழுதும் மொழி). கூகுளின் சொந்தக் கடையான மெர்ச்சண்டைஸ் ஸ்டோரின் அனலிடிக்ஸ் டெமோ கணக்கு இலவசம்; பழக அது போதும். ஏ/பி டெஸ்ட் நடத்தும் கருவியான கூகுள் ஆப்டிமைஸ் சொல்லித் தருகிறோம் என்று பணம் கேட்கும் கோர்ஸில் சேர்க்காதீர்கள். அந்தக் கருவியே 2023 செப்டம்பரில் மூடப்பட்டுவிட்டது.

புதிதாக வருபவர் கையில் டெஸ்ட்டை நேரடியாக யாரும் கொடுப்பதில்லை. டேட்டா அனலிஸ்ட், புராடக்ட் அனலிஸ்ட் என்று தேடட்டும். நேர்காணலுக்கு ஒரு பக்கத் திட்டம் எழுதி எடுத்துப் போகட்டும்: எதை மாற்றுகிறோம், எதை அளக்கிறோம், எத்தனை பேர் வேண்டும், எந்தத் தேதியில் நிறுத்துவோம். அந்தத் தேதியை டெஸ்ட் தொடங்கும் முன்பே எழுதியிருக்க வேண்டும்; ஏன் என்று கேட்பார்கள்.