உடன் பணியாற்றிய முதிய படைவீரர்களின் ஒன்றுகூடல் மாலையை எப்படி நடத்துவது?

எண்பது வயதை நெருங்கும் உங்கள் தந்தையும் அவருடைய பழைய படைப்பிரிவுத் தோழர்களும் நெடுங்காலத்திற்குப் பிறகு ஒரு மாலை சந்திக்கவிருப்பதாகவும், அந்த மாலையின் நிகழ்ச்சி நிரலில் எவற்றைச் சேர்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பீரங்கிப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எங்கள் பிரிவின் ஒன்றுகூடல்களைப் பல முறை முன்னின்று நடத்தியிருக்கிறேன். நிரலில் எதையும் சேர்ப்பதற்கு முன், எவற்றையெல்லாம் நீக்கலாம் என்று பார்க்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வரவேற்புரை, சிறப்புரை, பொன்னாடை, கலை நிகழ்ச்சி என்று அடுக்கிக்கொண்டே போனால், ஒருவரோடு ஒருவர் பேசுவதற்காகப் பயணம் செய்து வந்த முதியவர்கள் மேடையைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். அவர்களைப் பாராட்ட வேறு நாள்கள் உண்டு. இந்த மாலை அவர்கள் பேசிக்கொள்வதற்கானது. மண்டபம், விளக்கு, நாற்காலி, நேரம் ஆகிய அனைத்தையும் அந்த ஒரு நோக்கத்தை வைத்தே முடிவு செய்யுங்கள்.

பேச்சுக்கு முதல் தடை காது. முதுமையால் செவித்திறன் குறைவது எல்லோருக்கும் பொதுவென்றாலும், துப்பாக்கி, பீரங்கி, கவச வண்டி, விமான இயந்திரம் ஆகியவற்றின் அருகில் இளமையைக் கழித்தவர்களுக்கு அதற்கு மேலும் ஓர் இழப்பு இருக்கும். துப்பாக்கி வெடிக்கும் ஓசையே 140 டெசிபலைத் தாண்டும். இத்தகைய ஓசையால் ஏற்படும் பாதிப்பு பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர் அலைவரிசைகளில்தான் முதலில் தெரியும் என்பதால், உயிரொலிகள் நன்றாகக் கேட்கும். ச, ஸ, ஃப போன்ற மெல்லிய மெய்யொலிகள் நழுவிவிடும். அதனால்தான் நம் வீட்டு முதியவர்கள், "நீ பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்றுதான் புரியவில்லை" என்கிறார்கள். உரக்கக் கத்துவதால் இது சரியாகாது. எதிரொலிக்கும் பெரிய மண்டபத்தில், பின்னணி இசையும் ஓடிக்கொண்டிருக்க, ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பேசினால், காது கேட்கும் கருவி அணிந்தவர்களின் பாடு இன்னும் மோசம். பல கருவிகள் வேண்டிய குரலையும் வேண்டாத இரைச்சலையும் சேர்த்தே பெருக்கித் தரும். புரியாத இடங்களில் சிரித்துத் தலையசைத்துவிட்டு, சிறிது நேரத்தில் அவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அதை மறதி என்றோ அலட்சியம் என்றோ மற்றவர்கள் எடுத்துக்கொள்வதைக் காணும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே இசை வேண்டவே வேண்டாம். தாழ்ந்த கூரையும் கனத்த திரைச்சீலைகளும் தரைவிரிப்பும் உள்ள சிறிய அறைகள் இரண்டு கிடைத்தால், ஒரு பெரிய மண்டபத்தைவிட அவையே மேல். ஒரு மேசைக்கு ஆறு பேருக்கு மேல் அமர்த்தாதீர்கள். பேசுபவரின் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்கள் பலர் என்பதால், வெளிச்சம் முகங்களின் மீது விழ வேண்டும். யாருடைய முதுகுக்குப் பின்னாலும் சன்னல் வெயில் கண்ணைக் கூசச் செய்யக் கூடாது. அறிவிப்புகள் எவையாயினும், ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து நிதானமாகச் சொல்லட்டும். "எனக்கு ஒலிவாங்கி தேவையில்லை" என்று சொல்லும் கணீர்க் குரல்காரர்களிடமும் அதைக் கொடுத்துவிடுங்கள்.

பெயர் அட்டையில் எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஓய்வுபெற்ற பிறகு வகித்த பதவிகளைவிட, அந்த நாளில் படையின் எந்தக் கம்பெனி, அதற்குள் எந்தப் பிளாட்டூன் என்னும் சிறு பிரிவு, எந்த ஆண்டுகள், தோழர்கள் வைத்த செல்லப் பெயர் என்ன என்பவையே அதில் பயன்படும். முகம் மாறிவிட்டிருக்கும், செல்லப் பெயரைப் படித்தவுடன் நிமிரும் தலையை நான் பல முறை பார்த்திருக்கிறேன். பழைய நிழற்படங்களைச் சுவரில் உயரமாக மாட்டாமல், பெரிதாக்கி மேசைமீது பரப்பி வைத்து, பெயர்களை எழுதிச் சேர்க்க ஒரு பென்சிலும் வைத்துவிடுங்கள்.

எங்கள் கூடல் ஒன்றில், வண்டியோட்டுநராக இருந்த ஒருவரும் வயர்லெஸ் இயக்கிய ஒருவரும் தங்கள் பிரிவு இரவில் இடம்பெயர்ந்த கதையைச் சொல்லத் தொடங்கினார்கள். முதலாமவர் இரண்டு தம்ளர்களை வைத்துப் பாலம் என்றார், கரண்டியை நீட்டிச் சாலை என்றார். மற்றவர் ஒன்றும் பேசாமல் ஒரு தம்ளரைக் கரண்டியின் மறுபக்கத்திற்கு நகர்த்தினார். முதலாமவர் அதைத் திரும்பவும் பழைய இடத்தில் வைத்தார். அருகிலிருந்த பேரன் கைப்பேசியில் வரைபடத்தைத் தேடத் தொடங்கியபோது, அதை வைத்துவிடுமாறு நான் கேட்டுக்கொண்டேன். ஒருவர் வண்டிக்குள்ளிருந்தும் மற்றவர் மேட்டிலிருந்தும் பார்த்த இரவு அது. இருவருடைய நினைவும் பொருந்தாமல் போவதில் வியப்பில்லை. இந்த இழுபறியில்தான் மறந்துபோனவை மேலே வரும். தேதியையும் இடத்தையும் திருத்துவதற்கு வீட்டார் குறுக்கிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மனிதரின் நினைவில் பதின்பருவத்திலிருந்து முப்பது வயது வரையிலான காலம் ஏனைய ஆண்டுகளைவிட அடர்த்தியாகப் பதிந்திருக்கும் என்பது உளவியலாளர்கள் நன்கறிந்த செய்தி; நேற்று நடந்ததை மறக்கும் உங்கள் தந்தை, அன்றைய வண்டியின் எண்ணைச் சொன்னால் மலைக்காதீர்கள்.

மறைந்தவர்களின் பெயர்களை வாசிக்கும் நிகழ்வை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். அதை மாலையின் முடிவில் வைப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து. தொடக்கத்திலேயே, அனைவரும் அமர்ந்த நிலையில், பெயர்களை நிறுத்தி நிறுத்தி வாசித்து, இரண்டு நிமிடம் மௌனம் காத்துவிட்டால், அதன்பின் மனம் விட்டுச் சிரிப்பதற்கும் அவர்களுக்குத் தயக்கம் இராது. 1942 ஏப்ரல் 18 அன்று ஹார்னெட் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து 16 விமானங்களில் புறப்பட்டு ஜப்பானைத் தாக்கிய, டூலிட்டில் என்பவர் தலைமையேற்ற அணியின் 80 அமெரிக்க வீரர்கள், இதற்கென்றே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். 1959 இல் அமெரிக்காவின் டூசான் நகரம் அவர்களுக்கு 80 வெள்ளிக் கிண்ணங்களை அளித்தது. ஒவ்வொன்றிலும் ஒருவருடைய பெயர் நேராகவும் தலைகீழாகவும் இருமுறை பொறிக்கப்பட்டிருந்ததால், ஒருவர் இறந்தபின் கவிழ்த்து வைக்கப்படும் கிண்ணத்திலும் பெயரைப் படிக்க முடிந்தது. கடைசி இருவர் எஞ்சும்போது திறப்பதற்கென்று, டூலிட்டில் பிறந்த 1896 ஆம் ஆண்டின் மதுப்புட்டி ஒன்றையும் பாதுகாத்தார்கள். ஆனால் நால்வர் உயிருடன் இருந்த 2013 இலேயே, நவம்பர் 9 அன்று, வர முடிந்த மூவர் கூடி அதைத் திறந்துவிட்டார்கள். அவர்கள் காத்திராமல் எடுத்த முடிவு எனக்கு மிகச் சரியாகவே படுகிறது. ஆகவே, எல்லோருக்கும் ஒத்துவரும் தேதிக்காக உங்கள் கூடலையும் தள்ளிப்போடாதீர்கள்.

எல்லோரும் ஒரே மனநிலையில் வருவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். சிலருக்கு அந்தப் பணிக்காலம் வாழ்வின் மிகச் சிறந்த காலம், சிலருக்கு இன்றும் தூக்கத்தைக் கெடுக்கும் காலம், பலருக்கு இரண்டும். பட்டாசும் வெடிக்கக்கூடிய பலூன்களும் வேண்டாம். கதவைப் பார்த்தபடி, சுவரோரமாக உட்கார விரும்புபவரை நடுவில் வந்து அமருமாறு வற்புறுத்தாதீர்கள். யாரையும் எழுப்பி அனுபவத்தைப் பகிருமாறு கேட்காதீர்கள். எழுந்து வெளியே சென்று சிறிது நேரம் தனியாக இருப்பதற்கு அமைதியான ஓர் இடம் அருகிலேயே இருக்க வேண்டும். மறைந்த தோழர்களின் மனைவியரையும் அழையுங்கள். கணவர் வீட்டில் சொல்லாத ஒரு செய்தியை அன்றுதான் முதன்முறையாகக் கேட்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் அருகே அந்தத் தோழரை நன்கறிந்த ஒருவரை அமர்த்துவது உங்கள் பொறுப்பு.

படியேறாத வாசல், அருகிலேயே கழிப்பறை, கைப்பிடியுள்ள நாற்காலி ஆகியவை கட்டாயம். இருட்டில் வண்டியோட்டுவது பலருக்குக் கடினம் என்பதால், பிற்பகலில் தொடங்கி இருட்டும் முன் முடித்துவிடுங்கள். குரலைப் பதிவு செய்ய விரும்பினால், அந்தக் கூட்டத்தில் வேண்டாம். ஒப்புதல் பெற்று, வேறொரு நாளில், ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

படுக்கையில் இருப்பதாலும் தொலைவாலும் வர முடியாதவர்களின் பட்டியலை முன்கூட்டியே தயாரித்து, காணொளி அழைப்புக்கென ஒரு மூலையில் ஒரு திரையை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி நேரம் ஒதுக்குங்கள். இரண்டு மூன்று தோழர்கள் மட்டும் அங்கே சென்று பேசினால் போதும். விடைபெறுவதற்கு முன் அனைவரின் தொலைபேசி எண்களையும் பெரிய எழுத்தில் அச்சிட்ட தாளை ஒவ்வொருவரின் கையிலும் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் உங்கள் தந்தை யாரை அழைக்க விரும்புகிறார் என்று கேட்டு, அந்த எண்ணை நீங்களே போட்டுக் கொடுங்கள்.