வெளிநாட்டுல இருந்து மலையக ஸ்கூலுக்குப் புத்தகம் அனுப்ப எது நல்ல வழி?

கனடாவுல இருந்து கேட்டிருக்கீங்க, ஏழெட்டுப் பெட்டி புத்தகம் சேர்ந்திருக்கு, இலங்கையில ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட ஸ்கூலுக்கு அனுப்பணும், கப்பலா ப்ளேனா எது லாபம்னு. கப்பல்தான், அதுல பேச்சே இல்ல. ஆனா பெட்டிய ஒட்டுறதுக்கு முன்னுக்கு ஒருக்கா இதக் கேளுங்க. நான் மஸ்கெலியா பக்கம் படிப்பிக்கிறேன், லைப்ரரியும் என் தலையிலதான். லைப்ரரின்னா பெரிசா நினைக்காதீங்க, ஸ்டாஃப் ரூமுக்குப் பக்கத்துல ரெண்டு அலுமாரி.

சில வருஷத்துக்கு முந்தி லண்டன்ல இருக்கிற எங்க தோட்டத்து அண்ணன் ஒருத்தரு 11 பெட்டி கப்பல்ல போட்டாரு. தங்கமான மனுசன், குறை சொல்ல மாட்டேன். ஆனா அவரு குடுத்தது அவங்க வீட்டு லயத்து அட்ரஸ், லயம்னா தோட்டத் தொழிலாளிங்க இருக்கிற வரிசை வீடு. லயத்துக்கு ஏதுங்க தனி அட்ரஸ், கடிதம்னாலே தோட்டத்து ஒஃபீசுக்கு வந்து அங்கருந்து கை மாறி கை மாறித்தான் வரும், சாமான் வந்திருக்குன்னு கொழும்புல இருந்து போட்ட நோட்டீஸ் அங்கயே ஏதோ ஃபைலுக்குள்ள கிடந்திருக்கு, இங்க யாருக்கும் தெரியாது, அங்க நாளுக்கு நாள் வாடகை ஏறுது. வாடகை, கிளியரிங், லொறின்னு நாங்க கட்டின காசுக்கு ஒரு அலுமாரி நிறைய புதுப் புத்தகமே வாங்கியிருக்கலாம்.

திறந்தா முதல் பெட்டியில இங்கிலாந்து வருமான வரி கைடு! ரெண்டாவதுல என்சைக்ளோபீடியா செட், தங்க எழுத்து, அவ்ளோ அழகு, உள்ள சோவியத் யூனியன் இன்னும் உடையல, புளூட்டோ ஒம்பதாவது கிரகமா சுத்திக்கிட்டு இருக்கு (அதத்தான 2006லயே லிஸ்ட்ல இருந்து தூக்கிட்டாங்க). அப்புறம் ஒரு கட்டு தமிழ்நாட்டுப் பாடப் புத்தகம். இங்க 1980ல இருந்து பாடப் புத்தகத்த அரசாங்கமே சும்மா குடுக்குது, சிலபஸும் வேற.

அத்தனைக்குள்ள பிள்ளைங்க பிடிச்சுக்கிட்டது ஒரு யானைக்குட்டி படக் கதை, பக்கத்துக்கு ரெண்டே வரி இங்கிலிஷ். மூணாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு திருப்பிக் குடுக்க மனசில்லாம கொப்பிக்கு நடுவுல ஒளிச்சு வச்சிருந்துச்சு. இப்ப அதுக்கு அட்டையே இல்ல, சிமெந்து பேக் பேப்பர ஒட்டி வச்சிருக்கேன்.

அதனால முதல்ல பிரின்சிபலுக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க, புத்தகத்த அடுக்கி முதுகுப் பக்கம் தெரியிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புங்க, வேணும் வேணாம்னு அவங்களே சொல்லுவாங்க. சின்னப் பிள்ளைங்க வாசிக்கிற லேசான இங்கிலிஷ் கதை, நல்ல டிக்‌ஷனரி, இதுக்குத்தான் இங்க பஞ்சம். தமிழ்க் கதைப் புத்தகம் அங்கருந்து சுமக்க வேணாம், அந்தக் காசுக்கு கொழும்புல வெள்ளவத்தையில வாங்கி பஸ்ல போட்டா அடுத்த நாள் ஹட்டன்ல இருக்கும். அட்ரஸ்ல ஸ்கூல் பேரும் பிரின்சிபல் போன் நம்பரும் கட்டாயம். ஒவ்வொரு பெட்டிக்கும் லிஸ்ட் வைங்க, நன்கொடை, விற்பனைக்கில்லன்னு எழுதுங்க. பெட்டி சின்னதா இருக்கட்டும், 10 கிலோ போதும், ரோட்டுல இருந்து ஸ்கூலுக்கு எங்களுக்கு 60 படி, தூக்கிட்டு ஏறுறது ஓ.எல் பரீட்சைக்குப் படிக்கிற பெரிய பிள்ளைங்கதான். உள்ளுக்கு பிளாஸ்டிக் சுத்துங்க, மே மாசம் தொடங்கினா செப்டம்பர் வரைக்கும் மழையும் மிஸ்ட்டும், ஒரே மாசத்துல பூசணம் பிடிச்சிரும்.

இன்னும் கொஞ்சம் காசு மிஞ்சினா ஒரு அலுமாரிக்கும் சேர்த்து அனுப்புங்க, எங்க ரெண்டாவது அலுமாரிக்கே ஒரு பக்கம் கதவு இல்ல.