ஓசூருக்கு ஷிஃப்ட் வேலைக்குச் செல்பவர் எந்த வகை கான்டாக்ட் லென்ஸ் வாங்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: கிருஷ்ணகிரியில் குடியிருந்துகொண்டு ஓசூர் சிப்காட்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குச் செல்கிறீர்கள், வலக்கண்ணுக்கு மைனஸ் 5.50, இடக்கண்ணுக்கு மைனஸ் 5.00, இடக்கண்ணில் மட்டும் 1.25 சிலிண்டர் (கருவிழி வளைவின் கோணலைச் சரிசெய்யும் பவர்), கடையில் ஒரு வருட லென்ஸ், மாத லென்ஸ், தினசரி லென்ஸ், செமி சாஃப்ட் என நான்கு வகைகளைக் காட்டினார்கள், இவற்றில் எதை வாங்குவது?

நான் மருத்துவர் இல்லை. ஆனால் 17 ஆண்டுகளாக லென்ஸ் அணிகிறேன். இந்த நான்கு வகைகளையும் அணிந்து பார்த்திருக்கிறேன். அதில் 6 ஆண்டுகள் உங்களைப் போலவே ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையிலான 50 கிலோமீட்டர் தூரத்தைத் தினமும் பஸ்ஸில் கடந்தவள். என் பதில்: தினசரி லென்ஸ் வாங்குங்கள், வலக்கண்ணுக்குச் சாதாரணமானதும் இடக்கண்ணுக்குச் சிலிண்டரையும் சேர்த்துச் சரிசெய்யும் டோரிக் லென்ஸும். ஏழு நாட்களும் அணிய அது கட்டுபடியாகாது என்றால், வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் லென்ஸும் மற்ற நாட்களில் கண்ணாடியும் போதும். ஒரு வருட லென்ஸை மட்டும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், வாங்காதீர்கள்.

இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் முதலில் வாங்கியது ஒரு வருட லென்ஸ்தான். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறினால் சூளகிரி வருவதற்குள் தூங்கிவிடுவேன். வீட்டுக்கு வந்தபின் கழற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, வந்ததும் களைப்பில் அப்படியே படுத்துவிட்ட இரவுகளும் உண்டு. லென்ஸ் டப்பாவில் இருந்த பழைய சொல்யூஷனை, அதாவது லென்ஸைக் கழுவி ஊறவைக்கும் திரவத்தை, கொட்டாமல் மேலே கொஞ்சம் புதிதாக ஊற்றிக்கொள்வேன். டப்பாவை போர் தண்ணீர்க் குழாயடியில் கழுவுவேன். ஒரு நாள் காலையில் வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத அளவுக்குக் கண் வலித்தது. கண்ணாடியில் பார்த்தபோது கருவிழியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. கருவிழியில் கிருமிப் புண். முதல் இரண்டு நாட்கள் இரவும் பகலும் மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட்டார்கள். புண் ஓரத்தில் இருந்ததால் பார்வை தப்பியது. தழும்பு இன்றும் இருக்கிறது. சிகிச்சை அளித்த டாக்டர், "என்ன லென்ஸ் போடுகிறீர்கள் என்பதைவிட, அதைப் போட்டுக்கொண்டு என்னவெல்லாம் செய்கிறீர்கள் என்று சொல்லுங்கள், அம்மா" என்று கேட்டார். நீங்கள் லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போதும் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கருவிழியில் இரத்தக் குழாய்கள் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனின் பெரும்பகுதியை அது கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அதன்மேல் எந்த லென்ஸை வைத்தாலும் அந்த வழியைக் கொஞ்சம் அடைக்கிறோம். மென்மையான லென்ஸ் செய்யும் ஹைட்ரோஜெல் என்ற பொருளைக் கொண்டு செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே 1961 இறுதியில் தம் வீட்டிலேயே, பிள்ளைகள் விளையாடும் உதிரிபாகப் பெட்டியைக் கொண்டு இயந்திரம் அமைத்து லென்ஸ் வார்த்தார். அந்தப் பொருள் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் அது கண்ணில் உறுத்துவதில்லை. ஆனால் ஆக்சிஜன் அந்தத் தண்ணீரின் வழியாகத்தான் போயாக வேண்டும் என்பதால், ஓரளவுக்கு மேல் போவதில்லை. பின்னால் வந்த சிலிகான் ஹைட்ரோஜெல்லில் சிலிகான் வழியாகவே ஆக்சிஜன் போகிறது. ஆகவே அது பல மடங்கு அதிகம். ஹோல்டன், மெர்ட்ஸ் என்ற இருவர் 1984 இல் வெளியிட்ட கணக்கின்படி, பகலில் மட்டும் அணியும் லென்ஸுக்கு டி.கே/டி, அதாவது லென்ஸ் ஆக்சிஜனை எவ்வளவு உள்ளே விடுகிறது என்பதைக் காட்டும் அளவு, சுமார் 24 இருந்தால் கருவிழி வீங்காது. இரவிலும் அணிவதானால் சுமார் 87 வேண்டும். சிலிகான் ஹைட்ரோஜெல் வந்த பிறகே இந்த இரண்டாவது அளவை மென்மையான லென்ஸ்கள் எட்டின. உங்களைப் போல மைனஸ் பவர் கூடியவர்களுக்கு லென்ஸின் ஓரம் தடிப்பாக இருக்கும். எனவே எந்த லென்ஸ் வாங்கினாலும் சிலிகான் ஹைட்ரோஜெல்தானா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் ஆக்சிஜன் போதுமான அளவு கிடைக்கும் லென்ஸ் என்பதால் அதைப் போட்டுக்கொண்டு தூங்கலாம் என்று பொருள் கொள்ளாதீர்கள். தூங்கும்போது இமை சிமிட்டாது, கண்ணீர் ஓடாது, லென்ஸுக்கு அடியில் இருக்கும் கிருமி அங்கேயே இருக்கும். சிலிகான் ஹைட்ரோஜெல் வந்த பிறகும் லென்ஸோடு தூங்குபவர்களுக்குக் கிருமிப் புண் வரும் ஆபத்து குறையவில்லை. இரவு பஸ்ஸில் ஏறும் உங்களுக்கு இதுவே முதன்மையான செய்தி. தினசரி லென்ஸாக இருந்தால் ஷிஃப்ட் முடிந்து சோப்பால் கை கழுவியவுடன் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கலாம். மாத லென்ஸாக இருந்தால் சொல்யூஷனும் டப்பாவும் பையில் இருக்க வேண்டும், கழற்றியதும் தேய்த்துக் கழுவ வேண்டும், டப்பாவில் ஒவ்வொரு முறையும் புதிய சொல்யூஷன் ஊற்ற வேண்டும். பத்து மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருபவர் இதைத் தினமும் தவறாமல் செய்வார் என்று நான் நம்பமாட்டேன், நான் செய்யவில்லை.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு "இது நல்ல தண்ணீர்" என்ற எண்ணம் வீடுகளில் ஊன்றிவிட்டது. குடிப்பதற்கு அது நல்ல தண்ணீர்தான். லென்ஸுக்கு எந்தத் தண்ணீரும் ஆகாது: குழாய்த் தண்ணீர், போர் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர், கடையில் வாங்கும் பாட்டில் தண்ணீர் எதுவும் கூடாது. அகந்தமீபா என்னும் ஒற்றைச் செல் உயிரி குழாய்த் தண்ணீரிலும் தொட்டியிலும் ஆற்றிலும் வாழ்கிறது; தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொள்வதால் குளோரினுக்கும் சாவதில்லை. லென்ஸோடு ஒட்டிக் கருவிழிக்குள் போய்விட்டால் மாதக்கணக்கில் மருந்து விட வேண்டியிருக்கும். கைகளைக் கழுவியபின் சுத்தமான துணியில் ஈரம் போகத் துடைத்துவிட்டு லென்ஸைத் தொடுங்கள். ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்கப் போகும் நாளிலும், கிணற்றில் நீந்தும் நாளிலும், வீட்டில் தலைக்கு ஊற்றும்போதும் லென்ஸ் கண்ணில் இருக்கக் கூடாது.

செமி சாஃப்ட் லென்ஸைக் கடைக்காரர் உங்களுக்குக் காட்டியது சிலிண்டருக்காக இருக்கும். அது கெட்டியானது, விட்டம் 9 முதல் 10 மில்லிமீட்டர், கருவிழியைவிடச் சிறியது. கருவிழியின் கோணலான வளைவுக்கும் லென்ஸுக்கும் இடையில் கண்ணீர் நிரம்பி அந்தக் கோணலைச் சமன்செய்துவிடுவதால் பார்வை மிகத் தெளிவாக இருக்கும். நான் அணிந்தவற்றில் இந்த அளவு கூர்மையை வேறு எதிலும் கண்டதில்லை. கருவிழி கூம்பு போல முன்னே பிதுங்கும் கெரட்டோகோனஸ் உள்ளவர்களுக்கு இதுவும், இதைவிடப் பெரிய ஸ்கிலீரல் லென்ஸும்தான் கைகொடுக்கின்றன. ஆனால் பழகுவதற்குச் சில வாரங்கள் ஆகும். பழகிய பின்பும் விட்டுவிட்டு அணிந்தால் மறுபடியும் உறுத்தும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தூசி. இமை சிமிட்டும்போது அந்த லென்ஸ் நகரும்; நகரும்போது ஓரத்தில் தூசி புகுந்துகொள்ளும். கிரானைட் லாரிகள் ஓடும் சாலையில் பைக்கில் போகும்போது ஒரு துகள் உள்ளே போய், வண்டியை ஓரம் கட்டி அழுதுகொண்டு நின்றிருக்கிறேன். 1.25 சிலிண்டருக்கு அந்தப் பாடு தேவையில்லை. மென்மையான டோரிக் லென்ஸே போதும்.

டோரிக் லென்ஸ் கண்ணில் சுழலாமல் ஒரே நிலையில் நிற்க வேண்டும். அதற்காக அதில் சின்னக் குறி இருக்கும். மாதிரி லென்ஸைப் போட்டுக்கொண்டு 15 நிமிடமாவது உட்கார்ந்திருந்து, குறி எங்கே நிற்கிறது என்று கருவியில் பார்த்த பிறகே ஆர்டர் கொடுக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, கண்ணாடிச் சீட்டில் உள்ள பவரை அப்படியே லென்ஸுக்கு எழுதிக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கண்ணாடி கண்ணிலிருந்து 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது, லென்ஸ் கண்ணின் மேலேயே இருக்கிறது. ஆகவே மைனஸ் 4 க்கு மேற்பட்ட பவரைக் குறைத்துக் கணக்கிட வேண்டும். உங்கள் மைனஸ் 5.50 ஏறத்தாழ 5.25 ஆகும், 5.00 ஏறத்தாழ 4.75 ஆகும். வளைவும் விட்டமும் அளக்காமல் லென்ஸ் விற்கும் கடையில் வாங்க வேண்டாம்.

"தண்ணீர்ச் சத்து அதிகம், கண் காயாது" என்றும் சொல்வார்கள். ஜன்னல் திறந்த பஸ்ஸின் எதிர்க்காற்றில், தண்ணீர் அதிகமுள்ள ஹைட்ரோஜெல் லென்ஸ் காய்ந்துபோய்க் கண்ணை உறுத்தியது என் அனுபவம். கட்டிங் ஆயிலும் கூலண்ட்டும் தெறிக்கும் இடத்தில் உங்கள் வேலை என்றால் லென்ஸ் அணியலாமா என்று பாதுகாப்பு அதிகாரியிடம் முதலில் கேளுங்கள். அணிந்தாலும் மேலே பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

செலவுக் கணக்கை இப்படிப் பாருங்கள். வாரத்துக்கு 4 நாள் என்றால் ஆண்டுக்கு 208 ஜோடி தினசரி லென்ஸ். சொல்யூஷன் செலவே இல்லை. மாத லென்ஸ், திறந்த நாளிலிருந்து ஒரு மாதம் ஆனதும் காலாவதி. பத்து நாள்தான் அணிந்தேன் என்பது கணக்கில் வராது. தினமும் அணிபவருக்கு மாத லென்ஸ் மலிவு, அவ்வப்போது அணிபவருக்கு அப்படி இல்லை.

கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் உடனே லென்ஸைக் கழற்றுங்கள். அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். லென்ஸையும், டப்பா இருந்தால் அதையும், கையோடு எடுத்துச் செல்லுங்கள். மெடிக்கலில் சொட்டு மருந்து கேட்டு வாங்கி விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், புண் வளரும்.

கடைசியாக, லென்ஸுக்கு ஒதுக்கிய பணத்தில் முதலில் உங்கள் கண்ணாடியை இப்போதைய பவருக்கு மாற்றிவிடுங்கள். எனக்குப் புண் வந்த காலத்தில் என்னிடம் இருந்த கண்ணாடி பழைய பவர், ஒரு கை உடைந்தது. அதைப் போட்டால் பஸ் போர்டைக்கூடப் படிக்க முடியாது என்பதால்தான், கண் சிவந்த முதல் நாளும் லென்ஸையே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.