சான்றிதழில் உள்ள ஆர்.எம்.மை நம்பி விமானம் ஏறாதே

தங்கச்சி, பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்), ஆர்.எம். (பதிவு பெற்ற மிட்வைஃப், அதாவது பிரசவம் பார்ப்பவர்) என்ற இரண்டு பதிவும் வாங்கி, ஆறு வருடம் பிரசவ வார்டில் வேலை பார்த்திருக்கிறாய். ஆஸ்திரேலியாவில் நேராக மிட்வைஃபாகச் சேர முடியுமா, எந்த ஊர் நல்லது, வீட்டு வாடகை எவ்வளவு, பையனை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறாய். அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் உரிமையோடு நீ என்றே எழுதுகிறேன். வாடகையும் பள்ளிக்கூடமும் சொல்ல இங்கே நூறு பேர் இருக்கிறார்கள். முதல் கேள்விக்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும். அதே கேள்விக்குக் கிடைத்த தப்பான பதிலை நம்பி 2011இல் மெல்போர்னில் வந்து இறங்கியவள் நான்.

நம் ஊரில் நர்சிங் படித்தால் மிட்வைஃபரியும் கூடவே வந்துவிடும். இங்கே அப்படி இல்லை. 2010 ஜூலையில் நாடு முழுவதற்கும் பொதுவான பதிவு முறை வந்தபோதே நர்சுகளுக்கு ஒரு பதிவேடு, மிட்வைஃபுகளுக்கு இன்னொரு பதிவேடு என்று பிரித்துவிட்டார்கள். நர்சிங் படிக்காமலே மிட்வைஃபரியை மட்டும் மூன்று வருடப் பட்டமாகப் படித்தவர்கள் இங்கே உண்டு. அவர்கள் நர்ஸ் வேலை பார்க்க முடியாது. நர்ஸ் பதிவு மட்டும் உள்ளவர் மிட்வைஃபாக வேலை பார்க்க முடியாது.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பணம் கட்டிய ஏஜெண்ட், வெளிநாட்டில் படித்த நர்சுகளுக்கான மூன்று மாத பிரிட்ஜிங் கோர்ஸ் முடித்தால் இரண்டு பதிவும் கைக்கு வந்துவிடும் என்று அடித்துச் சொன்னார். அம்மாவின் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கட்டிய பணம். கோர்ஸ் முடித்தேன், நர்ஸ் பதிவு மட்டும் வந்தது. போன் செய்தால், "நர்ஸ் வேலை கிடைத்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அதனால் ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் இங்கே மருத்துவத் துறையினரின் பதிவைக் கவனிக்கும் அமைப்பான ஆப்ராவின் இணையதளத்தில், செல்ஃப் செக் என்கிற தகுதிச் சோதனையைச் செய். அதை நீயே உட்கார்ந்து செய்யலாம், ஏஜெண்ட் வேண்டாம். நர்சுக்குத் தனியாக, மிட்வைஃபுக்குத் தனியாகப் பார். உன் படிப்பு எந்தப் பிரிவில் விழுகிறது என்று அது சொல்லும். ஏ என்றால் நேராக விண்ணப்பிக்கலாம். பி என்றால் முதலில் ஒரு கணினித் தேர்வு, அப்புறம் ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு. சி என்றால் முதலில் படிப்பை உயர்த்தியாக வேண்டும். நர்சுக்கு பி வந்தால் மிட்வைஃபுக்கும் அதேதான் வரும் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆங்கிலத் தேர்வுக்கு இப்போதே படிக்க ஆரம்பி. ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் எல்லாவற்றிலும் 7 கேட்டுக்கொண்டிருந்தார்கள், 2025இல்தான் எழுத்துக்கு மட்டும் 6.5 ஆக்கினார்கள்.

இன்னொன்று, இதில்தான் நம் பெண்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கடைசி ஐந்து வருடத்தில் குறைந்தது 450 மணி நேரம் அந்தத் தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்று விதி. இங்கே வந்து வயிற்றுப்பாட்டுக்காக முதியோர் இல்லத்தில் கேரர் வேலை பார்க்கும் நேரம் எதுவும் மிட்வைஃப் கணக்கில் சேராது. என்னோடு வந்த ஒருத்தி, 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று தள்ளித் தள்ளியே ஊரில் சம்பாதித்த பிரசவ வார்டு அனுபவம் முழுவதையும் இழந்தாள். அவளுக்கு என்னைவிட நல்ல கை.

நம் ஆட்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. நான் திரும்பப் படிக்கப் போகிறேன் என்றதும், "கிட்டத்தட்ட அதே சம்பளம்தானே, வீடு வாங்குகிற வழியைப் பார்" என்றார்கள். சிலர் நர்ஸ் பதிவு மட்டும் வைத்துக்கொண்டு, ஊர்ச் சான்றிதழ் இருக்கிற தைரியத்தில் தங்களை மிட்வைஃப் என்று போட்டுக்கொள்கிறார்கள். அது சட்டம் காக்கிற பெயர். பதிவில்லாமல் பயன்படுத்தினால் 60,000 டாலர் வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை என்று சட்டத்திலேயே இருக்கிறது. நீ அந்தத் தவறைச் செய்யாதே.

நான் ஒரு மருத்துவமனையில் நர்சாக வேலை பார்த்துக்கொண்டே மிட்வைஃபரி டிப்ளமோ படித்தேன். முப்பது பிரசவம் நானே முன்னின்று பார்க்க வேண்டும். பத்துப் பெண்களைக் கர்ப்பகாலத்திலிருந்து பிரசவம் தாண்டியும் கூடவே தொடர வேண்டும். முப்பது என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரில் முப்பது பிரசவம் எனக்கு ஒரு மாதத்துக்குக்கூடக் காணாது. ஆனால் அந்தப் பத்துப் பேர் என்னை மாற்றிவிட்டார்கள். இரவு இரண்டு மணிக்குப் போன் வரும். வீட்டுக்காரர் எழுந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள, நான் குளிரில் கார் கண்ணாடியின் பனியைச் சுரண்டிவிட்டுக் கிளம்புவேன். போனால் அங்கே வலியில் இருப்பவள் எனக்கு ஐந்து மாதமாகத் தெரிந்தவள். அவளுக்கு எதில் பயம், முந்தைய பிரசவத்தில் என்ன நடந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். ஊரில் எங்கள் வார்டில் நான் பெயரைக்கூடக் கேட்டதில்லை தங்கச்சி. "மூன்றாம் கட்டில்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

அங்கே முதல் பிரசவம் என்றால் குழந்தை வெளியே வரக் கத்தரிக்கோலால் வெட்டி வழிவிடுவது எழுதாத சட்டம். மல்லாக்கப் படுக்க வைப்போம், கத்தினால் அதட்டுவோம், புருஷனை வாசலிலேயே நிறுத்திவிடுவோம். இங்கே அவள் நிற்பாள், மண்டியிடுவாள், தண்ணீர்த் தொட்டியில் உட்காருவாள். உள்பரிசோதனைக்கு ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சிக்கலில்லாத பிரசவத்தில் பெரும்பாலும் டாக்டர் உள்ளேயே வரமாட்டார். எப்போது டாக்டரைக் கூப்பிடுவது என்கிற முடிவு உன் தலையில். வருடா வருடம் மே 31க்குள் பதிவைப் புதுப்பிக்கும்போது இருபது மணி நேரம் படித்ததற்குக் கணக்கும் வைத்திருக்க வேண்டும். இதற்கு மேல் கடைசி ஆறு வருடத்தில் 5,000 மணி நேரம் வேலை பார்த்து, அதற்கான படிப்பும் முடித்தால் மருந்தெழுதும் அங்கீகாரம் வாங்கலாம், மெடிகேர் என்கிற அரசு மருத்துவக் காப்பீட்டிலும் தனியாகச் சேரலாம். அதற்கு டாக்டரோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் 2024 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். நான் இப்போது அதைத்தான் நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

பதிவு கையில் வந்த புதிதில், யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி வலியோடு வந்தாள். இரண்டாவது பிரசவம், முதலாவது ஊரில். கையைக் கழுவிவிட்டு, "இப்போது பரிசோதித்துப் பார்க்கலாமா?" என்று தமிழில் கேட்டேன். தமிழ் கேட்டதற்காகச் சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் என் முகத்தையே பார்த்து, "இதெல்லாம் என்னட்டக் கேட்டுத்தான் செய்வியளோ, அக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். நான் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.