கார் மோதிக் கால் முறிந்தது, கார்காரர் சென்னை. மதுரையிலேயே வழக்குப் போடலாமா?

மேலூர் ரோட்டில் கார் மோதி உங்கள் அண்ணனுக்குக் கால் முறிந்திருக்கிறது. கார்காரர் 20,000 ரூபாய் தருவதாகச் சொல்லி எழுதித் தரக் கேட்கிறார் என்கிறீர்கள். தயவுசெய்து எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தாராளமாக மதுரையிலேயே போடலாம். விபத்து நடந்த இடம், பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் இடம், எதிர்த்தரப்பு இருக்கும் இடம், இதில் எங்கு வேண்டுமானாலும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு செய்ய 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனு போய்விட வேண்டும். கட்டுப் பிரிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

முதலில் எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியில் முதலில் பதிந்த விபத்துப் பதிவேட்டின் நகல், காயச் சான்று, காரின் இன்சூரன்ஸ் விவரம், இதெல்லாம் கையில் இருக்கட்டும். மருந்துக்கடை பில்லை அன்றன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். என் சித்தப்பா வழக்கில் ஒரு மஞ்சள் பை நிறைய பில் வைத்திருந்தோம்; எட்டு மாதத்தில் பாதிக்கு மேல் எழுத்தே அழிந்து வெறும் வெள்ளைத்தாளாகிவிட்டது. அந்தச் செலவை எங்களால் நிரூபிக்கவே முடியவில்லை. இன்றும் மனசு ஆறவில்லை.

அண்ணன் மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்கிறார், சம்பளச் சீட்டு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். அவருக்குப் பூப்போடும் கமிஷன் கடைக்காரர் சாட்சி சொல்லலாம். வங்கிப் புத்தகமும் உதவும். ஆதாரம் குறைவாக இருந்தாலும், செய்யும் தொழிலைப் பார்த்துத் தீர்ப்பாயமே ஒரு வருமானத்தைக் கணக்கிடும்.