விடுப்புக் கோப்பில் இருக்கும் மருத்துவச் சான்றிதழ்

கேள்வி: அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மனநல சிகிச்சைக்காக மூன்று மாதம் மருத்துவ விடுப்பில் இருந்தேன். அந்த விடுப்பே போலி என்று சொல்லிவரும் சக ஊழியர் ஒருவர், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் என் விடுப்புக் கோப்பின் நகலைக் கேட்டிருக்கிறார். இது பற்றி அலுவலகம் அனுப்பிய கடிதத்துக்கு, வேதனையில் நான் பதில் எழுதவில்லை. இப்போது நகல் வழங்கலாம் என்று ஆணையிட்டுவிட்டார்கள். அவர் மீதும் பொதுத் தகவல் அலுவலர் மீதும் மானநஷ்ட வழக்குத் தொடரலாமா?

பதில்: சக ஊழியரின் பொறாமையும் அலுவலக ஓரவஞ்சனையும் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் உங்களுக்குள்ள வழி அந்த ஆணைக்கு எதிரான மேல்முறையீடு, அதில் அவற்றால் பயன் இல்லை. தெரிய வேண்டியது ஆணையில் இட்டிருக்கும் தேதி. அதை நீங்கள் எழுதவே இல்லை. தகவல் மறுக்கப்பட்ட மனுதாரருக்கு மேல்முறையீட்டுக்கான 30 நாள் கெடு, ஆணை கைக்குக் கிடைத்த நாளிலிருந்து தொடங்கும். கேட்டவரும் அலுவலகமும் அல்லாத மூன்றாம் தரப்பினரான உங்களுக்கோ 19(2) பிரிவின்படி ஆணையின் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். தபாலில் கழிந்த நாட்களும் உங்கள் கணக்கில்தான் சேரும்.

கெடுவுக்குள் போனால் உங்கள் பக்கம் வலுவானது. மருத்துவப் பதிவுகள், சிகிச்சை, மருந்து, பார்த்த மருத்துவர் ஆகிய அனைத்தும் தனிப்பட்ட தகவலே என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2019 நவம்பரில் கூறியிருக்கிறது. உங்கள் கருத்தைக் கேட்டு 11ஆம் பிரிவின் கீழ் அலுவலகம் அனுப்பிய கடிதத்துக்குப் பதில் தராததால் மேல்முறையீட்டு உரிமை போய்விடாது. ஆனால் அந்தத் தகவலை நீங்களே இரகசியமாகக் கருதவில்லை என்று எதிர்த் தரப்பு வாதிட இடம் கொடுத்துவிட்டீர்கள். அந்த மௌனத்துக்கான காரணத்தை மனுவில் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

மானநஷ்ட வழக்கை மறந்துவிடுங்கள். நகல் வெளியிடப்போவது நீங்கள் சிகிச்சை பெற்ற உண்மையைத்தான். உரிமையியல் வழக்கில் உண்மையே எதிர்வாதம். அதற்கும் மேலாக, குறுக்கு விசாரணையில் உங்கள் நோயைப் பற்றி நீங்களே கூண்டில் நின்று விளக்க வேண்டிவரும். அலுவலர் விஷயமும் அப்படியே: 20ஆம் பிரிவில் உள்ள நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் என்ற தண்டம் தகவலை மறுத்தவருக்கும் தாமதித்தவருக்கும் உரியதே தவிர, கொடுத்தவருக்கு உரியதல்ல; நல்லெண்ணத்துடன் செய்ததற்கு 21ஆம் பிரிவு அவருக்குப் பாதுகாப்பும் தருகிறது.

நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. இப்படி வந்த கட்சிக்காரர் ஒருவர், என்னிடம் வருவதற்கு முன்பே பதினோரு அலுவலகங்களுக்குப் புகார் மனு அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றிலும் ‘பொருள்’ என்ற இடத்தில் தம் நோயின் பெயரையே எழுதி, ஆதாரமாக மருத்துவமனைச் சுருக்க அறிக்கையையும் இணைத்திருந்தார். மனு வந்ததும் தபால் எழுத்தர் அந்தப் பொருள் வரியை அப்படியே பதிவேட்டில் ஏற்றுவார். பிறகு அது பிரிவு எழுத்தர், கண்காணிப்பாளர் என்று மேசை மேசையாக நகரும். அந்தப் பதினோரு கோப்புகளும் இனி அரசு ஆவணங்கள். அவற்றையும் எவரும் கேட்டு மனுப் போடலாம். எதிரி ஒரு நகல் கேட்டார். இவர் பதினொன்றைத் தாமே விநியோகித்தார். உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுத் தாக்கல் செய்பவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். பெயரை மறைக்கும்படி தொடக்கத்திலேயே கேட்காவிட்டால், பெயரும் நோயும் சேர்ந்து தீர்ப்பில் இடம்பெற்று, இணையத்தில் என்றைக்கும் நிற்கும்.

எனவே சமரசத்துக்குப் போங்கள் என்பதே என் யோசனை. விடுப்பின் நாட்களையும் கொடுக்கக் கூடாது என்று வாதிடலாம். நான் வாதிட மாட்டேன். விடுப்பு போலி என்பவரின் பொதுநலச் சாக்கு, பொதுநலன் பெரிதென்றால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்னும் 8(2) பிரிவின் பலத்தில், அந்த நாட்களையும் அனுமதி ஆணையையும் பற்றித்தான் நிற்கிறது. அவற்றைக் கொடுத்துவிட்டு, நோயின் பெயர், மருத்துவர், மருந்து ஆகிய பகுதிகளை 10ஆம் பிரிவின்படி மறைத்து வழங்க உங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று மாற்றுக் கோரிக்கையாக எழுதிக் கொடுத்தால், மேல்முறையீட்டு அலுவலருக்கும் கையெழுத்திட எளிதாக இருக்கும்.

மனுவை இன்றே நேரில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்; மேல்முறையீடு முடியும்வரை நகலை வழங்கக் கூடாது என்ற கோரிக்கையும் அதில் இருக்கட்டும். சான்றிதழை இணைக்க வேண்டாம், அது அவர்கள் கோப்பிலேயே இருக்கிறது. பொருள் வரியில் ‘19(2) பிரிவின் கீழ் மேல்முறையீடு’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் எழுதாதீர்கள்.